சுளுக்கு எடுக்குற கைக்கு லைசென்ஸ் யார் குடுப்பா?

இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்ல. கொஞ்சம் வரலாறு. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

1/ சுருளிப்பட்டி பக்கம் திராட்சைத் தோட்டத்துல வேலை பூராவும் தலைக்கு மேலதான். பந்தலுக்குக் கீழ நின்னு, அண்ணாந்து பார்த்து, ரெண்டு கையையும் தூக்கிக் கவாத்து பண்ணணும், குலை வெட்டணும். சாயங்காலம் கழுத்தும் தோளும் பிடிச்சுக்கும். அப்போ முதல்ல போறது டாக்டர்கிட்ட இல்ல, எண்ணெய் போட்டு நீவி விடுற அம்மாச்சிகிட்ட.

2/ அப்படி ஒரு அம்மாச்சி முட்டி வலின்னு என்கிட்ட வந்தாங்க. கிளம்பும்போது கேட்டாங்க: "தம்பி, பேரன் கம்பத்துல கடை போடலாம்ங்கிறான். இதுக்கு லைசென்ஸ் எங்க வாங்கணும்?" எனக்குப் பதில் தெரியல. தேடிப் படிச்சதுதான் இந்த த்ரெட்.

3/ முதல்ல ஒண்ணு. இது ஏதோ கைவாக்கு வைத்தியம் மட்டும் இல்ல. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் 'தொக்கணம்' ஒன்று. அதிலேயே ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இலக்கணம் போட்டு எழுதி வச்ச கலை.

4/ ஆனா செய்தவங்க யாரு? பெரும்பாலும் ஊருல முடி திருத்தின சமூகத்து ஆண்கள், பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறதும் அவங்கதான், சுளுக்கு எடுக்குறதும் அவங்கதான். கூலி தானியமா வரும். மரியாதை பெருசா வராது.

5/ இப்ப சட்டத்துக்கு வருவோம். 1914ல் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. எங்களை மாதிரி ஆங்கில மருத்துவம் படிச்சவங்களுக்குப் பதிவேடு. 1926ல் செவிலியர், மருத்துவச்சிகளுக்குச் சட்டம். பயிற்சி எடுத்த மருத்துவச்சிக்குப் பதிவேட்டில் இடம் கிடைச்சது. பரம்பரை மருத்துவச்சி மெல்ல வெளியே போனார்.

6/ நாட்டு மருத்துவத்துக்காக 1921ல் முகமது உஸ்மான் தலைமையில் குழு போட்டாங்க. 1923ல் அறிக்கை கொடுத்தாங்க. அதைத் தொடர்ந்து சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. பெரிய வெற்றி. ஆனா அது வைத்தியருக்குக் கிடைச்ச வெற்றி. கையால பிடிச்சு விடுறவங்க அதிலும் தனிப் பிரிவா வரல.

7/ இதே காலத்துல இங்கிலாந்துல என்ன நடந்தது? 1894ல், மசாஜ் நிலையம் என்ற பேரில் லண்டனில் விபசாரம் நடக்குதுன்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதுச்சு. ஒழுங்கா தொழில் செஞ்ச நர்ஸ்கள் பேரும் சேர்ந்து கெட்டுப் போச்சு.

8/ அவங்க போலீசுக்காகக் காத்திருக்கல. அதே வருஷம் நாலு பேர் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் கொண்டு வந்தாங்க. மருத்துவர் சொல்லாம மசாஜ் செய்யக் கூடாதுன்னு விதியும் போட்டாங்க. 1920ல் அரச சாசனம் கிடைச்சது. 1944ல் அந்தச் சங்கம் பேரை மாத்திக்கிச்சு. புதுப் பேர்ல இருந்த சொல்: பிசியோதெரபி. ஆமா, இன்னைக்கு நீங்க போற பிசியோதெரபிக்கு ஒரு வேர் அங்க இருக்கு.

9/ ஜப்பான்ல இது பல நூற்றாண்டா பார்வையற்றவர்களின் தொழில். 1947ல் தனிச் சட்டம் போட்டு, படிப்பையும் உரிமத்தையும் கட்டாயம் ஆக்கினாங்க. பார்வையற்றவர்களின் பிழைப்பைக் காக்க, மற்றவர்களுக்கான பள்ளிகளைக் கட்டுப்படுத்தலாம்னு பின்னால ஒரு விதியும் வந்தது. அது செல்லும்னு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022ல் தீர்ப்பு சொன்னது.

10/ நம்ம ஊருல? மசாஜ்னாலே போலீஸ் கேஸ்தான். 2014ல் சென்னை உயர் நீதிமன்றம், ஆணுக்குப் பெண் மசாஜ் செய்வதாலேயே அதை ஒழுக்கக்கேடுன்னு முடிவு கட்ட முடியாதுன்னு சொன்னது. 2021 டிசம்பரில் அதே நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஸ்பாக்களில் சிசிடிவி வைக்கச் சொன்னார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, அது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும்னு சொன்னார்.

11/ கவனிச்சீங்களா? கதவு திறந்திருக்கா, கேமரா இருக்கா, ஆணா பெண்ணா, இதுதான் வாதம். அழுத்துற கைக்கு உடம்பைப் பத்தி என்ன தெரியும்னு கேள்வியே இல்ல. லைசென்ஸ் கட்டடத்துக்கு. கைக்கு இல்ல.

12/ 2021ல் வந்த மத்திய சட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் உள்ளிட்ட பல துறையினருக்குப் பதிவு உண்டு. ஆனா குறைந்தது 2000 மணி நேரம் படிச்ச டிப்ளமோ வேணும். நம்ம அம்மாச்சி அந்த வாசல்ல நிக்கவே முடியாது. பரம்பரை வைத்தியர்னு சொல்லிப் பதிவில்லாம மருத்துவம் பார்க்க முடியாதுன்னு 2018லேயே உச்ச நீதிமன்றமும் சொல்லிருச்சு.

13/ "அப்ப விட்டுருங்க டாக்டர், பாவம் பிழைச்சுட்டுப் போகட்டும்"னு சிலர் சொல்வீங்க. நானும் அப்படி நினைச்சவன்தான். முழங்கை எலும்பு முறிஞ்ச ஒரு பையனை எங்கேயோ கூட்டிட்டுப் போய் உருவி விட்டிருந்தாங்க. தசைக்குள்ள எலும்பு வளர்ந்துருச்சு. இப்ப கையை முழுசா நீட்ட முடியல. அவனுக்குப் பத்து வயசு.

14/ இன்னொரு பக்கம். கெண்டைக்கால் வீங்கின ஒரு டிரைவரை என்கிட்ட அனுப்பினதே இதே அம்மாச்சிதான். "இது சுளுக்கு இல்ல, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடா இருக்கு. நான் கை வைக்க மாட்டேன்." ஸ்கேன்ல ரத்தக்குழாய்க்குள்ள கட்டி. அதை உருவியிருந்தா அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உயிர் போயிருக்கலாம்.

15/ ரெண்டு பேர் கையிலயும் சான்றிதழ் இல்ல. ஒருத்தருக்கு எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சது. இன்னொருத்தருக்குத் தெரியல. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் லைசென்ஸ். 1894ல் அந்த நாலு பெண்கள் செஞ்சதும் இதுதான். குறுகிய காலப் பயிற்சி, ஒரு தேர்வு, அனுபவத்துக்கு மதிப்பு, ஒரு பதிவேடு. இங்கயும் முடியாததா?

16/ அதுவரைக்கும் இதை மட்டும் மனசுல வைங்க. உருவக் கூடாதது:
- கீழே விழுந்து, வீங்கி, அசைக்க முடியாத கை கால். முதல்ல எக்ஸ்ரே.
- ஒரு கால் மட்டும் வீக்கம், சூடு, வலி.
- காய்ச்சலோட வர்ற மூட்டு வீக்கம்.
- மரத்துப் போற, பலம் குறையுற கை கால்.

17/ அம்மாச்சிக்கு என்ன பதில் சொன்னேன்? "கடைக்கு லைசென்ஸ் வாங்கலாம், உங்க கைக்கு வாங்க இடம் இல்ல"ன்னேன். சிரிச்சாங்க. "அப்ப கடைக்கு எதுக்கு தம்பி?"

நியாயமான கேள்வி.