கறுப்புக்குள் நடந்த காந்தி

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஒரு காந்தி ஜெயந்திக்கு, பழைய பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்த படம் ஒன்றை வகுப்புச் சுவரில் ஒட்டினேன். காந்தி தடி ஊன்றி நடக்கும் படம். 1930-இல் நந்தலால் போஸ் செதுக்கியது. நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

அந்த ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி சபர்மதியிலிருந்து கிளம்பிய காந்தி, ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பு எடுத்தார். நம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் அதே ஏப்ரலில்தான். சாந்திநிகேதனில் இருந்த நந்தலால், தண்டி நடையை லினோலியத் தகட்டில் செதுக்கினார். மரச்செதுக்கு அச்சுக்கு இது தம்பி முறை. செதுக்கி எடுத்த இடத்தில் மை ஒட்டாது. அது காகிதத்தில் வெள்ளையாக விழும். மீதியெல்லாம் கறுப்பு. மரப்பலகை என்றால் சில சமயம் மரத்தின் ரேகையும் அச்சில் விழும். லினோலியத்தில் ரேகை கிடையாது. அதில் தெரியும் கரடுமுரடெல்லாம் உளி போன தடம்தான்.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. "கலர்ப் படம் கிடைக்கவில்லையே" என்றுதான் குறைப்பட்டேன்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் படத்தின் எதிரே நின்றுகொண்டிருந்தான். அப்பாவோடு சாமை மூட்டை சுமந்து சந்தைக்கு இறங்குகிறவன்.

"காந்தித் தாத்தா எங்கப்பா மாதிரி விடியறதுக்கு முந்தியே கெளம்பிட்டாரு சார்."

"எப்படிடா சொல்றே?"

"இருட்டுல ஆளோட ஓரம் மட்டுந்தானே சார் தெரியும்? மூஞ்சி தெரியாது. நடையை வச்சுத்தான் எங்கப்பான்னு கண்டுபிடிப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஜப்பானியர்கள் வண்ணத்துக்கு ஒரு பலகை வைத்து அச்சிட்டார்கள் என்று பின்னால் படித்தேன். நந்தலாலுக்கு ஒரே மை போதுமாயிருந்தது. அந்தக் கறுப்பு இருட்டாகவும் வழியாகவும் நின்றது. சில கோடுகளில் நடை வந்துவிட்டது. நடை வந்ததும் ஆள் வந்துவிட்டார்.

சுருக்கென்றதற்கு வேறு காரணமும் உண்டு. அதற்கு முந்தைய வாரம் அதே பையன் தன் அப்பாவை வரைந்து காட்டினான். நாலைந்து கோடுகள், தலையில் ஒரு மூட்டை, முகம் இல்லை. சிவப்பு மையில் "முழுமையாக வரைக" என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. அந்த இரண்டை நான் திருத்தவே இல்லை.