கிளப்பின் பருவமும் ஆய்வின் காலமும்: ஐரோப்பியக் கால்பந்தில் பல்கலைக்கழகக் கூட்டாய்வுகள்

ஐரோப்பாவின் பெரிய கால்பந்து கிளப்கள் பலவற்றுக்கு இன்று ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தோடு ஆய்வு ஒப்பந்தம் இருக்கிறது. கிளப் தன் பயிற்சி மைதானத்தையும் வீரர்களின் உடல் அளவீடுகளையும் திறந்துவிடுகிறது. பல்கலைக்கழகம் ஆய்வகத்தையும் ஆய்வாளர்களையும் தருகிறது. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் கிளப்பிலேயே சில ஆண்டுகள் வேலை பார்த்தபடி ஆய்வேட்டை எழுதி முடிக்கிறார். இந்த ஏற்பாட்டால் இரு தரப்புக்கும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிலிருந்து பிறக்கும் அறிவு எத்தகையது, எந்தக் கேள்விகளுக்கு அது விடை தரும், எவற்றைத் தொடாமலே விட்டுவிடும் என்ற விசாரணை போதிய அளவு நடக்கவில்லை. ஒரு கிளப்பும் ஒரு பல்கலைக்கழகமும் தமக்குள் செய்துகொள்ளும் கூட்டு, நடப்புப் பருவத்துக்குப் பயன்படும் நுட்பங்களைச் சிறப்பாகவே தருகிறது. வீரர் ஏன் காயமடைகிறார், ஓய்வு பெற்ற பின் அவர் உடலுக்கும் மூளைக்கும் என்ன நேர்கிறது என்பன போன்ற கேள்விகளில் அது தடுமாறுகிறது, அல்லது அவற்றைக் கேட்பதே இல்லை. அத்தகைய கேள்விகளுக்கு நம்பத்தக்க விடை கிடைத்த இடங்களில், தரவு எந்த ஒரு தனிக் கிளப்பின் பிடியிலும் இருக்கவில்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இந்தத் துறையின் தொடக்கம் எளிமையானது. லிவர்பூல் பாலிடெக்னிக் 1975இல் விளையாட்டு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பிரிட்டனில் இதற்கு முன்னோடி இல்லை. அதை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவரான தாமஸ் ரைலி, சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தொழில்முறை வீரர்களை ஒவ்வொருவராகக் கண்ணால் பின்தொடர்ந்து, அவர்களின் நடை, ஓட்டம், பாய்ச்சல் அனைத்தையும் பதிவுசெய்து, ஓர் ஆட்டத்தில் வீரர் சராசரியாக 8.7 கிலோமீட்டர் தூரம் கடக்கிறார் என்றும், அதில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான தூரத்தையே பந்தோடு கடக்கிறார் என்றும் அது காட்டியது. பந்தில்லாத உழைப்பே ஆட்டத்தின் பெரும்பகுதி என்பது அன்று பல பயிற்சியாளர்களுக்குப் புதிய செய்தி. 1987இல் அதே நகரில் அறிவியலும் கால்பந்தும் குறித்த முதல் உலக மாநாடு நடந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் யென்ஸ் பாங்ஸ்போ யோ-யோ தேர்வை உருவாக்கினார். இந்தியக் கிரிக்கெட் அணித் தேர்வுச் செய்திகளின் வழியே தமிழ் வாசகர்களும் இப்பெயரை அறிவார்கள். அவர் இடம்பெற்ற குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு, உயர்மட்ட வீரர்கள் நடுத்தர வீரர்களைவிட 28 சதவீதம் கூடுதல் தூரத்தை அதிவேகத்தில் ஓடுகிறார்கள் என்று கண்டது. கடந்த மொத்தத் தூரத்தைவிட அதிவேக ஓட்டமே தரத்தைப் பிரித்துக்காட்டுகிறது என்ற புரிதல் அதன்பின் வலுப்பெற்றது. பாங்ஸ்போ இத்தாலியின் யுவென்டஸ் கிளப்பின் பயிற்சிக் குழுவிலும் பணியாற்றினார். பல்கலைக்கழகத்துக்கும் கிளப்புக்கும் இடையிலான கதவு அப்போதே திறந்துதான் இருந்தது.

தனிக் கிளப் கூட்டின் வலிமையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் லிவர்பூல் கிளப்பைச் சேர்ந்தவர்களும் இணைந்து 2017இல் வெளியிட்ட ஆற்றல் செலவு ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனமான ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கச் செய்து, அவை உடலிலிருந்து வெளியேறும் வேகத்தைச் சிறுநீர் மாதிரிகளில் அளந்தால், அந்த நாட்களில் உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டது என்று துல்லியமாகக் கணக்கிடலாம். முறை செலவு மிக்கது. பிரீமியர் லீக் வீரர் ஒருவரை இதற்கு இணங்கச் செய்ய அவரோடு அன்றாடம் பழகும் ஆள் வேண்டும். ஆறு வீரர்கள், ஏழு நாட்கள், இடையில் இரண்டு ஆட்டங்கள்: சராசரி ஆற்றல் செலவு நாளொன்றுக்குச் சுமார் 3566 கிலோகலோரி. ஆட்ட நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6.4 கிராம் மாவுச்சத்தும், பயிற்சி நாளில் 4.2 கிராமும் அவர்கள் உட்கொண்டார்கள். ஆறு பேர் என்ற எண்ணிக்கை இங்கே குறையாகப் படவில்லை. உடல் எரிபொருளை எவ்வாறு செலவிடுகிறது என்பதே கேள்வி; அதற்குச் சிலரை ஆழமாக அளப்பதே பொருத்தமான வழி. கிளப்புக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் ஆய்வாளர் இல்லாமல் இத்தகைய அளவீடு நடந்திருக்காது.

காயம் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பான யூஃபா, ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான் எக்ஸ்ட்ராண்டின் குழுவோடு நடத்திவரும் ஆய்வின்படி, ஒரு வீரர் ஒரு பருவத்தில் சராசரியாக இரண்டு முறை காயமடைகிறார். 25 பேர் கொண்ட அணிக்குப் பருவத்துக்கு ஏறத்தாழ 50 காயங்கள். அவற்றில் மிகப் பொதுவான வகை ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடைப் பின்தசைக் காயம். அந்த ஆய்வின் முதல் ஏழு பருவங்களில் இதன் பங்கு 12 சதவீதம். அதாவது ஓர் அணியில் ஓராண்டில் ஆறு. இந்த ஆறில் ஒன்று பழைய காயத்தின் மறுவரவாக இருக்கலாம், இன்னொன்று நீண்ட பயணத்துக்குப் பின் வந்ததாக இருக்கலாம், மற்றொன்று முப்பது வயதைக் கடந்த வீரருடையதாக இருக்கலாம். இவ்வளவு சில நிகழ்வுகளை வைத்துக்கொண்டு ஒரு காரணத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தெடுக்க எந்தப் புள்ளியியல் முறையாலும் இயலாது. ஜி.பி.எஸ். கருவி ஒவ்வொரு வீரருக்கும் பயிற்சிதோறும் ஆயிரக்கணக்கான அளவீடுகளைக் குவித்தாலும் இந்த நிலை மாறுவதில்லை. அளவீடுகள் பெருகுகின்றன, காயங்களின் எண்ணிக்கை ஆறாகவே நிற்கிறது. 2018இல் வெளிவந்து பரவலாகப் பேசப்பட்ட ஓர் ஆய்வு, இத்தாலியத் தொழில்முறை அணியொன்றின் 26 வீரர்களை 23 வாரங்கள் தொடர்ந்து, கணினிக் கற்றல் முறையில் காயங்களை முன்கணிக்க முயன்றது. பீசா பல்கலைக்கழகத்தாரும் பார்சிலோனா கிளப்பைச் சேர்ந்தோரும் அதில் பங்கேற்றனர். வழிமுறையைப் பொறுத்தவரை அது மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் ஓர் அணியின் ஒரே பருவத்தில் கற்ற விதி, வேறொரு பயிற்சியாளரின் கீழ் வேறு வீரர்களுக்குப் பொருந்துமா என்பதை அந்தத் தரவால் சொல்ல முடியாது.

அவசரத்தின் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வும் உண்டு. அண்மை வாரத்தின் பயிற்சிச் சுமையை முந்தைய வாரங்களின் சராசரியால் வகுத்துக் கிடைக்கும் விகிதம், சென்ற பத்தாண்டில் தொழில்முறை அணிகள் பலவற்றின் அன்றாடக் கருவியானது. ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களிடமும் ரக்பி லீக் அணிகளிடமும் பெற்ற தரவுகளில் வேர்கொண்டு, கால்பந்துக்கும் பரவியது. விகிதம் ஓர் எல்லைக்குள் இருந்தால் வீரர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று நம்பப்பட்டது. 2020இல் ஃபிராங்கோ இம்பெல்லிசேரியும் பிறரும் அதன் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினர். தொகுதியில் உள்ள எண் பகுதியிலும் அடங்கியிருப்பதால் தொடர்பு செயற்கையாகத் தோன்றலாம். காரணத் தொடர்புக்குச் சான்றில்லை. விகிதத்தைக் குறைத்தால் காயம் குறையும் என்று சோதனை வழியே நிறுவப்படவும் இல்லை. இந்த விமர்சனத்தைச் செய்தவர்கள் ஆய்வாளர்களே. ஆனால் அதற்குள் அந்த எண் பல அணிகளில் யார் ஆடுவது, யார் ஓய்வெடுப்பது என்ற முடிவுகளுக்குள் புகுந்துவிட்டிருந்தது. கிளப்புக்குத் திங்கட்கிழமைக்குள் ஓர் எண் தேவைப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் கடமை, அந்த எண்ணைத் தருவதற்கு முன் அது உண்மையா என்று பார்ப்பது.

இதற்கு மாற்றாக நிற்பது மேலே குறிப்பிட்ட யூஃபா ஆய்வு. 2001இல் தொடங்கிய இதில் போட்டிக் கிளப்கள் ஒரே வரையறையில் காயங்களையும் ஆட்ட, பயிற்சி நேரங்களையும் பதிவு செய்கின்றன. தரவு ஆய்வுக் குழுவிடம் போகிறது. ஒவ்வொரு கிளப்புக்கும் பெயரிலாத சராசரியோடு ஒப்பிட்டுத் தன் நிலையைக் காட்டும் அறிக்கை திரும்பி வருகிறது. பதிவு செய்வோர் கிளப் மருத்துவர்களே என்பதால் விடுபடல்கள் இருக்கலாம். ஆனாலும் இரண்டு தசாப்தங்கள் ஒரே அளவுகோலை விடாமல் பிடித்ததால்தான், அனைத்துக் காயங்களிலும் ஹாம்ஸ்ட்ரிங் காயங்களின் பங்கு 12 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக இரட்டித்திருப்பது தெரியவந்தது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொரு முடிவு. 2012 முதல் 2016 வரையான நான்கு பருவங்களில் 36 கிளப்களை ஆராய்ந்தபோது, தலைமைப் பயிற்சியாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் இடையே தகவல் பரிமாற்றம் சரியில்லாத கிளப்களில் காயச் சுமை கூடுதலாக இருந்தது. ஒரு தனிக் கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஆய்வாளர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடித்தாலும், தனக்கு ஊதியம் தரும் கிளப்பின் பயிற்சியாளரைப் பற்றி எப்படி வெளியிடுவார்? காயத்தின் காரணம் பயிற்சியாளரின் அறைக்குள் இருக்கலாம் என்ற கருதுகோளைச் சோதிக்கவே, தரவு அந்த அறைக்கு வெளியே இருக்க வேண்டியிருக்கிறது.

கிளப்கள் தரவைப் பகிர்ந்தால் போட்டியில் பின்தங்கிவிடும், ஆகவே கட்டாயப்படுத்தினால் ஆய்வுக் கதவையே மூடிவிடும் என்ற மறுப்பு வலுவானதாகத் தோன்றும். யூஃபா ஆய்வே அதற்கு விடை. சாம்பியன்ஸ் லீக்கில் ஒன்றையொன்று வீழ்த்தப் போராடும் கிளப்கள்தாம் அதில் பருவந்தோறும் பங்கேற்றன. பெயர் வெளிவராது என்ற உறுதியும் ஒப்பீட்டு அறிக்கை என்ற பலனும் போதுமானதாயின. தந்திரம் இரகசியம், கணுக்கால் சுளுக்கு எந்த அணியின் இரகசியமும் அன்று. இரண்டாவது மறுப்பு எனக்கு இன்னும் நியாயமாகப் படுகிறது: அறிவு ஏற்கெனவே இருக்கிறது, அதை மைதானத்தில் செயல்படுத்த ஆளில்லை என்பதுதான் சிக்கல், கிளப்புக்குள் அமர்ந்த ஆய்வாளரே அந்த இடைவெளியை நிரப்புகிறார். டென்மார்க்கின் 50 அணிகளைச் சேர்ந்த 942 வீரர்களிடம் நடந்து 2011இல் வெளியான சோதனையில், நார்டிக் பயிற்சி என்ற எளிய தசைப் பயிற்சியைச் செய்தவர்களிடையே 15 ஹாம்ஸ்ட்ரிங் காயங்களும், செய்யாதவர்களிடையே 52 காயங்களும் நேர்ந்தன. ஆனால் சாம்பியன்ஸ் லீக், நார்வே லீக் அணிகள் ஐம்பதை மூன்று பருவங்களுக்கு ஆராய்ந்து 2015இல் வெளியான கணக்கெடுப்பு, 83 சதவீத அணி-பருவங்களில் அந்தப் பயிற்சி பரிந்துரைத்தபடி செய்யப்படவில்லை என்று காட்டியது. தீர்வை எட்டிய பின்னும் அது பயன்படவில்லை என்பது வேதனையானது. உள்ளே இருக்கும் ஆய்வாளர் இங்கே உதவுவார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயிற்சி பலன் தரும் என்று நிறுவியதும், அது கைவிடப்பட்டிருக்கிறது என்று அம்பலப்படுத்தியதும் பல அணிகளைத் தழுவிய ஆய்வுகளே. தனிக் கூட்டு, பிற இடத்தில் பிறந்த அறிவை நடைமுறைப்படுத்தும் கருவியாக இருக்கட்டும். அறிவின் ஊற்று அதுவே என்று கொள்வதில்தான் பிழை.

எல்லாவற்றிலும் கனமான கேள்வி மூளையைப் பற்றியது. இங்கிலாந்தின் முன்னாள் வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002இல் இறந்தபோது, விசாரணை அதிகாரி அதைத் தொழிலால் வந்த நோய் என்று பதிவு செய்தார். பந்தைத் தலையால் மீண்டும் மீண்டும் முட்டியது காரணமாகக் கருதப்பட்டது. அதன்பின் பதினேழு ஆண்டுகள் கழித்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வில்லி ஸ்டூவர்ட் குழு 2019இல் உறுதியான விடையைத் தந்தது. ஸ்காட்லாந்தின் 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களை, வயதிலும் வாழ்நிலையிலும் ஒத்த 23,028 பொதுமக்களோடு அவர்கள் ஒப்பிட்டனர். மறதி நோய் உள்ளிட்ட நரம்புச் சிதைவு நோய்களால் இறந்தோர் வீரர்களில் 1.7 சதவீதம், பிறரில் 0.5 சதவீதம், அபாயம் சுமார் மூன்றரை மடங்கு. இதயநோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் வீரர்கள் குறைவாகவே இறந்தனர் என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. 2021இல் வந்த தொடராய்வில், கோல் காப்பாளர்களிடம் அபாயம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. தடுப்பாட்டக்காரர்களிடம் சுமார் ஐந்து மடங்காக இருந்தது. யார் அதிகம் தலையால் முட்டுகிறார்களோ அவர்களிடமே கேடு குவிந்திருந்தது. வீரர்களின் பெயர்கள் அருங்காட்சியக ஆவணங்களிலிருந்தும் கிளப்களின் பழைய பதிவேடுகளிலிருந்தும் கிடைத்தன. நோய் பற்றிய தரவோ நாட்டின் பொதுச் சுகாதாரப் பதிவுகளிலும் இறப்புச் சான்றிதழ்களிலும் இருந்தது. எந்தக் கிளப்பின் மருத்துவ அறையும் அதைத் தந்திருக்க முடியாது. வீரர் ஓய்வுபெற்ற நாளோடு கிளப்பின் கோப்பு மூடப்படுகிறது, நோயோ அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின் வருகிறது.

அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் வீரர் சங்கமும்தான். ஆகவே கால்பந்தின் பணமே ஆய்வைக் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை. தரவு யார் கையில் இருந்தது, கேள்வியின் காலத்தை யார் தீர்மானித்தார்கள் என்பவையே இங்கு பொருட்டு. அந்த ஆய்வின் விளைவாக 2020இல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சிறுவர் பயிற்சியில் தலையால் முட்டுவது விலக்கப்பட்டது. 2021இல் இங்கிலாந்துத் தொழில்முறை அணிகளுக்கு வாரப் பயிற்சியில் வலுவான முட்டல்கள் பத்துக்கு மேல் கூடாது என்ற வழிகாட்டல் வந்தது. பத்து என்ற எல்லை சரியா, ஐந்தா, இருபதா என்பதை அறியப் பயிற்சி மைதானத்தில் ஒவ்வொரு முட்டலின் விசையையும் அளக்க வேண்டும். அங்கே மீண்டும் கிளப்களின் ஒத்துழைப்பு தேவைப்படுகிறது. ஆனால் அந்த அளவீடுகள் வீரரோடு முப்பது, நாற்பது ஆண்டுகள் கூடவே வர வேண்டும். கிளப் மாறினாலும், ஓய்வு பெற்றாலும் அழியாமல் பல்கலைக்கழகத்திலோ பொதுச் சுகாதார அமைப்பிலோ பாதுகாக்கப்பட வேண்டும். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இதற்கு இடமில்லை.

வீரரின் ஒப்புதலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தன்னை ஆட்டத்தில் சேர்ப்பதா, நீக்குவதா என்று முடிவு செய்யும் முதலாளியே ஆய்வுப் படிவத்தை நீட்டும்போது, வீரர் மறுப்பது எளிதன்று. தரப்புகளுக்கிடையே அதிகாரச் சமனின்மை தெளிவாக உள்ள இடத்தில் ஒப்புதலைச் செல்லுபடியாகும் அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளின் முன்னுரையே சொல்கிறது. உலக வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ, ஃபிஃபாவோடு சேர்ந்து 2022இல் வீரர் தரவு உரிமைச் சாசனத்தை வெளியிட்டது. ஒப்புதலைப் பெறும் பொறுப்பைக் கிளப் ஊழியரிடமிருந்து எடுத்துப் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவிடம் தருவது, மறுத்தவர் யார் என்று கிளப்புக்குத் தெரியாமல் காப்பது, கிளப்புக்கு உவப்பில்லாத முடிவையும் குறித்த காலத்துக்குள் வெளியிடும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதுவது ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இவற்றை வற்புறுத்தாமல் ஒரு பல்கலைக்கழகம் கையெழுத்திட்டால், அது தன் பெயரை மட்டுமே கிளப்புக்குக் கொடுக்கிறது.

மேசையில் வீரர்களுக்கென மூன்றாவது நாற்காலி ஒன்றைப் போட முடியும் என்பதற்கு அண்மைய முயற்சி ஒன்று சான்றாக இருக்கிறது. முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் வீரர்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாக நேர்கிறது. 2014 முதல் 2020 வரை வெளியான விளையாட்டு அறிவியல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வின்படி, பெண்களை மட்டுமே கொண்டு நடந்தவை வெறும் 6 சதவீதம். இந்நிலையில் 2024இல் ஃபிஃப்ப்ரோவும் இங்கிலாந்து வீரர் சங்கமும் நைக்கி நிறுவனத்தோடும் லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகத்தோடும் இணைந்து, இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக்கை மையமாக வைத்து மூன்றாண்டு ஆய்வொன்றைத் தொடங்கின. தசை வலிமையோடு நிற்காமல், ஆட்டங்களின் நெருக்கம், பயணம், கிளப்பில் உள்ள வசதிகள், ஊழியர் எண்ணிக்கை ஆகியவற்றையும் அது காரணங்களாக எடுத்துக்கொள்கிறது. லீக்கின் கிளப்கள் தரவு தருகின்றன, பல்கலைக்கழகம் ஆராய்கிறது, எதை ஆராய வேண்டும் என்ற கேள்வியைக் கொண்டுவந்தவர்களுள் காயமடைவோரின் சங்கமும் இருக்கிறது.