வாசல் தேடிப் போன பரிசோதனை

1960களில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தெருக்களில் ஒரு வண்டி வந்து நிற்கும். உள்ளே எக்ஸ்ரே கருவி இருக்கும். மருத்துவமனை வரை போக நேரம் ஒழியாத பெண்கள் அதில் ஏறி மார்பகத்தைப் படமெடுத்துக்கொண்டு இறங்கலாம். ஏற்பாடு செய்தவர் பிலிப் ஸ்ட்ராக்ஸ் என்ற கதிரியக்க மருத்துவர். 1947இல் அவருடைய மனைவி 39 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். நோய் முற்றுமுன் கண்டுபிடிக்க முடியாதா என்ற கேள்வி அதன் பிறகு அவரை விடவே இல்லை.

மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் எண்ணம் அவருக்கு ஐம்பது ஆண்டுகள் முந்தையது. 1913இல் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களைப் படமெடுத்து, புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். யூதரான அவரை நாஜிகள் 1938இல் வதைமுகாமில் அடைத்தார்கள். அவர் உயிர் தப்பினார். ஓவியரான மகள் சார்லோட் 1943இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். 1960இல் ஹூஸ்டன் மருத்துவர் ராபர்ட் ஈகன், உயிருள்ள பெண்களின் மார்பகத்தை நம்பகமான தெளிவோடு படமெடுக்கும் முறையை வகுத்துத் தந்தார்.

ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணைக் கூப்பிட்டுப் பரிசோதித்தால் உயிர் பிழைக்குமா? அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஸ்ட்ராக்ஸும் புள்ளியியலாளர் சாம் ஷப்பிரோவும் அறுவை மருத்துவர் லூயிஸ் வெனெட்டும்தான். நியூயார்க்கின் ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்த, 40 முதல் 64 வயதுக்குட்பட்ட சுமார் 62,000 பெண்களை 1963 டிசம்பரிலிருந்து இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவை ஆண்டுதோறும் எக்ஸ்ரேக்கும் மருத்துவரின் கைப்பரிசோதனைக்கும் அழைத்தார்கள். இன்னொரு குழு வழக்கம்போல் இருந்தது.

செலவில்லை, கடிதம் போனது, தொலைபேசியிலும் கூப்பிட்டார்கள். அப்படியும் அழைக்கப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பரிசோதனைக்கே வரவில்லை. வராதவர்களையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் பலனை எடைபோட்டார்கள். 1971இல் முடிவு வெளிவந்தபோது, அழைக்கப்பட்ட குழுவில் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. பரிசோதனையில் பிடிபட்ட புற்றுநோய்களில் ஐந்தில் இரண்டுக்கும் மேற்பட்டவை எக்ஸ்ரேயில் தெரியவே இல்லை. கையால் தொட்டுப் பார்த்ததில் மட்டுமே அகப்பட்டன.

அமெரிக்கப் பெண்கள் கூட்டமாகத் திரண்டு வந்தது 1974இல். அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு அந்தச் செப்டம்பரில் மார்பகம் அகற்றப்பட்டது. நெருங்கியவர்களிடம்கூடச் சொல்லத் தயங்கும் நோயைப் பற்றி அவர் நாட்டுக்கே வெளிப்படையாகச் சொன்னார். சில வாரங்களில், துணை அதிபர் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவியும் தன் மார்பில் கட்டியைக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டின் நோய்ப் பதிவுகளில் எண்ணிக்கை திடீரென்று எகிறியது. நோய் பெருகிவிடவில்லை, அதுவரை வராதவர்கள் வந்து காட்டினார்கள்.

எக்ஸ்ரே கருவி வாங்கி, படத்தைப் படிக்கத் தெரிந்த மருத்துவர்களை ஊர்தோறும் அமர்த்த இந்தியாவால் ஆகுமா? மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்திரநீல் மித்ரா குழுவினர் வேறு வழியில் யோசித்தார்கள். 1998இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில், 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு குழுவைப் பரிசோதித்தது மருத்துவர்கள் அல்ல. பத்தாம் வகுப்பாவது படித்து, சில வாரங்கள் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள்.

பரிசோதனை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். பெண்ணைப் படுக்க வைத்து, கையைத் தலைக்குப் பின்னால் மடக்கச் சொல்வார்கள். நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும்: முதலில் மேலோட்டமாக, பிறகு சற்று ஆழமாக, கடைசியில் விலா எலும்பு தட்டும்வரை. ஒரு விரற்கடை இடமும் விடுபடக் கூடாது. அக்குளும் காறை எலும்பின் மேல்பகுதியும் இதில் சேர்த்தி. ஆரம்பக் கட்டத்துக் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் இந்த நோயின் கொடுமை. வலி இருந்தால் யாரும் சொல்லாமலே பெண்கள் ஓடி வந்துவிடுவார்கள்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுப் பரிசோதனை. அதன் பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பணியாளர்கள் தேடிப் போய் விசாரித்தார்கள். வாடகை வீடு மாறும், மனிதர் மாறும், சொந்த ஊருக்குக் குடிபெயர்வார்கள். அப்படிப்பட்ட மும்பையில் இருபது ஆண்டுகள் இந்த வேலையை விடாமல் செய்தது மருத்துவ உலகம் தலைவணங்க வேண்டிய உழைப்பு.

2021இல் முடிவு வெளியானது. பரிசோதிக்கப்பட்ட குழுவில் நோய் சற்று இளைய வயதிலேயே பிடிபட்டது. மூன்றாம், நான்காம் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டவை 37 சதவீதம். மற்ற குழுவில் 47 சதவீதம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழ் அப்படிக் குறையவில்லை. எல்லா வயதினரையும் சேர்த்தால் 15 சதவீதம் குறைவு. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே நேர்மையாக எழுதினார்கள். ஆனாலும் ஐம்பதைத் தாண்டிய ஏழைப் பெண்ணுக்கு, கருவி இல்லாத ஊரிலும் காப்பாற்ற வழி உண்டு என்று காட்டியது சின்ன விஷயமல்ல.

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கைப்பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2016இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை வந்தது. நடைமுறை எங்கே நிற்கிறது என்பதை 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியது. 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில், ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம். தமிழ்நாடு முன்னே நிற்கும் மாநிலங்களில் ஒன்று. இங்கேயும் நூற்றுக்குப் பத்துப் பேரை எட்டவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தெருவில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அவர்கள் பழகிவிட்டார்கள். “அக்கா, மாருல கட்டி கிட்டி இருக்கான்னு நர்ஸம்மாகிட்ட பாத்துக்கிட்டீங்களா? வர்ற புதன்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்” என்று கேட்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை.