குரங்கணித் தீ

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில் புகை. மாசி, பங்குனியில் மலை எரிவது எங்களுக்குப் பழகின காட்சி. 'புல்லுதான் எரியுது'ன்னு மாட்டைக் கட்டப் போயிட்டேன். சென்னை, ஈரோடு பக்கமிருந்து மலையேற வந்த பிள்ளைகள் உள்ளே சிக்கியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

சரிவில் தீ மேட்டுப்பக்கம்தான் வேகமாக ஓடும். சூடு முந்திப்போய் மேலிருக்கும் புல்லை வாட்டிவிடும். அதனால் ஏறி ஓடித் தப்புவது கஷ்டம்.

உள்ளூர் ஆட்கள் இருட்டில் ஏறிப்போய், டோலி கட்டிச் சுமந்து இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டரும் வந்தது. அப்படியும் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

இப்பவும் வருசாவருசம் புகை தெரியுது. 'மேல யாரும் இருக்காங்களாப்பா?'ன்னு முதல்ல போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் மாட்டுக்கிட்டப் போறேன்.