மாத்தளை மாவட்டத்தில் வேர்ச் சிறுகணுவழி நைதரசன் பதித்தல்

அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக மாற்றித் தாவரத்துக்கு வழங்குவதே சிறுகணுவழி நைதரசன் பதித்தல். இலங்கையின் மத்திய மாகாணத்திலுள்ள மாத்தளை மாவட்டத்தில் இது இருவேறு நிலங்களில் நடக்கிறது. வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பக்கத்து உலர் வலய மேட்டுநிலங்களில் பயறு, கௌபி, உளுந்து, கச்சான் ஆகியன இதைச் செய்கின்றன. தெற்கே உக்குவளை, ரத்தோட்டைப் பகுதிகளின் மிளகுத் தோட்டங்களில் கொடி ஏறும் சீமைக்கிளுவை மரம் செய்கிறது. மண்வளத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வளிமண்டலத்தில் 78 சதவீதம் நைதரசன் இருந்தும் எந்தப் பயிராலும் அதை நேரடியாக எடுக்க இயலாது. அதன் இரு அணுக்களைப் பிணைக்கும் மும்மைப் பிணைப்பு அவ்வளவு வலியது. யூரியாத் தொழிற்சாலைகள் 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் பெரும் அமுக்கத்திலும் அதை உடைக்கின்றன. பற்றீரியா அதையே சாதாரண மண் வெப்பநிலையில், நைதரசனேசு என்ற நொதியத்தால் உடைக்கிறது. இரும்பும் மொலிப்தனமும் இந்நொதியத்துக்கு இன்றியமையாதவை. ஒரு நைதரசன் மூலக்கூற்றுக்குச் சக்தியைச் சுமக்கும் 16 ஏ.டி.பி. மூலக்கூறுகள் செலவாகின்றன. ஒளித்தொகுப்பில் உண்டாக்கிய வெல்லத்தை வேருக்கு அனுப்பி இச்செலவை ஈடுசெய்வது தாவரமே.

மண்ணில் நைதரசன் குறையும்போது வேர் பிளேவனொயிட்டுச் சேர்மங்களைக் கசியவிடும். அவற்றை உணரும் இறைசோபியம் வகைப் பற்றீரியா தன் பங்குக்கு ஒரு சமிக்ஞையைச் சுரக்க, வேர்மயிர் சுருண்டு பற்றீரியாவைச் சூழ்ந்துகொள்ளும். அங்கிருந்து ஒரு நுண்ணிய இழை வேரின் உட்கலங்களை எட்டும். கலங்கள் பெருகிச் சிறுகணு உருவாகும். கச்சானில் வேர்மயிர் வழி கிடையாது. பக்கவேர் வெடித்து வெளிவரும் இடத்து விரிசலே பற்றீரியாவின் வாசல். அதனால்தான் கச்சானின் கணுக்கள் வேர்க் கவடுகளில் ஒட்டியிருக்கின்றன.

பூக்கும் பருவத்துப் பயற்றஞ்செடியைச் சுற்றி மண்வெட்டியால் ஆழக் கொத்தி, மண்ணோடு தூக்கி நீரில் அலசினால் மணி போன்ற கணுக்களைக் காணலாம். ஒன்றை நகத்தால் பிளந்து பார்ப்பதே மிக எளிய சோதனை. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பதித்தல் நடக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை, அல்லது ஓய்ந்துவிட்டது. அந்தச் சிவப்பு, நம் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினுக்கு உறவான லெக்கீமோகுளோபினுடையது. ஒட்சிசன் பட்டால் நைதரசனேசு பழுதாகும், ஆனால் பற்றீரியா சுவாசிக்க ஒட்சிசன் வேண்டும். இந்த இக்கட்டைத் தீர்ப்பது அந்நிறப்பொருளே. பையைத் திறந்து யூரியாவை வீசுமுன் இந்த ஒரு நிமிடச் சோதனையை ஒவ்வொரு விவசாயியும் செய்ய வேண்டும். ஏனெனில் மண்ணில் நைதரசன் மிகுந்தால் செடி கணு அமைப்பதையே குறைத்துக்கொள்ளும்.

அவரைக் குடும்பம் முழுவதும் இந்த ஆற்றல் கொண்டதல்ல. மாவட்டத்தில் காணப்படும் புளியும் கொன்றையும் கணு அமைப்பதில்லை. வழியோரத் தொட்டாற்சுருங்கி அமைக்கிறது. போஞ்சி கணு அமைத்தாலும் பதிப்பதில் பலவீனமானது.

பயறு விதைத்தாலே நிலம் வளமாகும் என்ற பரவலான நம்பிக்கை பாதி மட்டுமே உண்மை. செடி பதித்த நைதரசனில் பெரும்பகுதி விதையில் புரதமாகச் சேர்ந்து அறுவடையோடு வயலைவிட்டுப் போகிறது. சோயாவில் இது மிக அதிகம். சில வேளைகளில் மண்ணுக்கு இழப்பே மிஞ்சும். கச்சானோ வேரோடு பிடுங்கப்படுகிறது. காய் பறித்த கொடியை வயலுக்கே திருப்பினால்தான் மண்ணுக்குப் பயன்.

சீமைக்கிளுவையின் கணக்கு வேறு. மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் தடியை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். மிளகுக்கு உயிர்த்தாங்கியாக இம்மரம் பெரிதும் பயன்படுகிறது. மழைக்கு முன் கிளைகளைக் கவ்வாத்து செய்து கொடியின் அடியில் பரப்புகிறார்கள். மென்மையான அவ்விலை சில வாரங்களில் மக்கி, பதித்த நைதரசனை மண்ணுக்கு விடுவிக்கும். இங்கு விற்பனைக்குப் போவது மிளகு. நைதரசன் நிறைந்த இலை தோட்டத்திலேயே தங்குகிறது. 2005இல் அரசு சீமைக்கிளுவையை நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. விறகு மின்சாரத்துக்கான மூலப்பொருள் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் இலையை விட்டுவிட்டுத் தடியை மட்டும் எடுக்கும் தோட்டத்தில்தான் அதன் முழுப்பயனும் கிடைக்கும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அக்காலத்துப் பசளைப் பற்றாக்குறையைச் சிறுகணுக்களால் நிரப்பியிருக்க முடியாது. நெல்லும் மரக்கறியும் கேட்கும் நைதரசன் அதிகம். ஊன்றிய மரம் போதிய இலை தர ஆண்டுகள் ஆகும்.

பொருத்தமான பற்றீரியா மண்ணில் இல்லாவிட்டால் அதை விதையோடு சேர்க்கலாம். வெளியிலிருந்து வந்த சோயாவுக்கு இது குறிப்பாகத் தேவை. கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் அதற்கான பற்றீரியாக் கலவையை உருவாக்கியுள்ளது. ஈரப்படுத்திய விதையில் நிழலில் வைத்துப் பூசி, வெயில் படாமல் அன்றே விதைக்க வேண்டும். மலைப்பக்க அமில மண்ணில் மொலிப்தனமும் பொசுபரசும் வேருக்கு எளிதில் கிட்டா, பற்றீரியாவும் நலிவடையும். அங்கே முதலில் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணிக்காமல் கலவை பூசுவது வீண் செலவு.