காவல்காரரிடம் கணக்குக் கேட்டவர்கள்

ராமநாதபுரச் சீமையின் நாடார் வணிகத்தில் ஆறு ஊர்களைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்: சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, அதை ஒட்டிய பாளையம்பட்டி. கருப்பட்டியும் பருத்தியும் ஏற்றிவரும் மாட்டு வண்டிகள் வழிப்பறிக்குத் தப்பி இராத்தங்க, இவ்வணிகர்கள் மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். அதற்கான பணம் சரக்கின்மேல் தண்டிய மகமை. செலவைக் கவனித்தது உறவின்முறை என்ற சாதிச் சபை. அதன் பொறுப்பை ஏற்ற முறைகாரர்கள் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும். ஊர்ப் பாதுகாப்புக்குப் பணம் கொடுத்தவர்களே கணக்கும் கேட்ட ஏற்பாடு இது. ஆனால் பேட்டை மதிலுக்கு உள்ளே மட்டும்.

வெளியே நடந்தது காவல் முறை. ஒரு கிராமத்தைக் காப்பது ஸ்தலக்காவல். வழிகளையும் பல கிராமங்களையும் சேர்த்துக் காப்பது திசைக்காவல், அதைப் பாளையக்காரர்கள் வைத்திருந்தார்கள். குடியானவர் களத்திலேயே விளைச்சலில் காவல்காரரின் பங்கான மேரையை அளந்து கொடுப்பார். பொருள் களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். இன்றைய எந்தக் காவல் சட்டத்திலும் இவ்வளவு நேரடியான பொறுப்பு இல்லை. அதற்காக அக்காலத்தைப் பொற்காலம் என்றும் சொல்வதற்கில்லை. மேரை தர மறுத்தவரின் மாடு இரவில் காணாமற்போகும். துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும்.

இந்த முறையைக் குடியானவர்களே உடைக்க முயன்றது 1896-இல், திண்டுக்கல் பக்கம். அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்ற அந்த இயக்கத்தில் கிராமங்கள் பொது நிதி திரட்டின. மாட்டைப் பறிகொடுத்தவருக்கு அதிலிருந்து ஈடு. களவு நடந்தால் கொம்பு ஊதுவார்கள். கொம்புச் சத்தம் கேட்டும் வராதவருக்கு அபராதம். குடிமக்கள் குழு ஒன்று காவலை ஆண்டதற்கு மதுரைச் சீமையில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டு இதுவே. அதன் கறையும் தெளிவானது: காவல்காரர்களான கள்ளர் சாதியினரின் வீடுகள் எரிக்கப்பட்டன, குடும்பங்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டன. குழுவில் இடம் இல்லாதவருக்கு அந்தக் குழுவிடம் முறையிடவும் வழி இல்லை. உறவின்முறைக்கும் இந்த எல்லை உண்டு. அது ஒரு சாதியின் சபை.

அதற்குள் சென்னை மாகாணத்தின் ஆங்கிலேய அரசு வேறு பாதையில் வெகுதூரம் போயிருந்தது. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிராம முன்சீப், தாசில்தார், கலெக்டர் என்ற ஒரே ஏணி வரியும் வாங்கியது, திருடனையும் பிடித்தது. விளைவு என்ன என்பதை 1855-இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவு செய்தது. கிட்டி போடுவதும் அண்ணாந்தாள் கட்டுவதும் வரிபாக்கிக்கும் வாக்குமூலத்துக்கும் பொதுவான கருவிகளாக இருந்தன. வரியையும் போலீஸையும் பிரிக்கவே 1859-இல் 24-ஆம் சட்டம் வந்தது. மாகாணத்துக்கென்று தனி போலீஸ் படை எழுந்தது.

இங்கிலாந்தில் 1835-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், நகரமன்ற உறுப்பினர்கள் அடங்கிய காவல் குழுவிடம் கான்ஸ்டபிள்களை நியமிக்கும் அதிகாரத்தைத் தந்திருந்தது. அதே ஆட்சியாளர்கள் இந்தியாவுக்குத் தேர்ந்தெடுத்ததோ அயர்லாந்துப் படையின் மாதிரி. அடங்காத நாட்டை அடக்க அமைந்த படை யாருக்குக் கணக்குச் சொல்லும்? மேலே இருப்பவருக்குத்தான். கிராமத்தில் மிஞ்சியது முன்சீப்பும் தலையாரியும். பரம்பரை வழி வந்த முன்சீப் பதவியையும் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. நியாயமான சீர்திருத்தம்தான், ஆனால் அந்த இடத்தில் ஊர் தேர்ந்தெடுத்த எவரும் வந்து உட்காரவில்லை.

போலீஸ் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22-இல் உச்ச நீதிமன்றம் இந்த வெற்றிடத்தைத் தொட்டது. மாநிலங்களில் பாதுகாப்பு ஆணையம் வேண்டும். போலீஸார்மேல் வரும் புகார்களை விசாரிக்க ஆணையங்கள் வேண்டும். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை ஏற்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் சட்டம் இயற்றியபோது அந்த நாற்காலியைக் கலெக்டருக்குக் கொடுத்தது. உடன் இருப்பவர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். பாளையம்பட்டிக்காரர் ஒருவர் உள்ளூர் போலீஸ்மேல் புகார் கொடுத்தால், அதைக் கேட்கும் மூவரில் இருவர் அதே மாவட்டப் போலீஸின் தலைமை அதிகாரிகள்! கனடாவின் டொரொன்டோவில் போலீஸை மேற்பார்க்கும் வாரியத்தில் நகரமன்ற உறுப்பினர்களும் நியமனம் பெற்ற குடிமக்களும் இருக்கிறார்கள். குறிப்பிட்ட வழக்கில் அந்த வாரியம் தலையிட முடியாது. கொள்கையும் வரவுசெலவும் அதன் கையில்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவருக்கு அந்தக் காவல் நிலையத்தில் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. தடயங்கள் அழிந்துவிடாமல் இருக்க, நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1859 பிரித்து வைத்த வருவாய் அதிகாரிகள் காவல் நிலையத்துக்குள் திரும்பவும் வந்து உட்கார்ந்தார்கள். அந்த உத்தரவு 2013 சட்டத்தின் மாவட்ட ஆணையத்திலிருந்து வரவில்லை. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில்தான் பிறந்தது.