நட்சத்திரம் போட்ட ஜாக்கெட் உங்க கார்ட்டுக்கு வருவது எப்படி? எது விளம்பரம், எது இல்லை?

காலையில் ஒரு நடிகர் ஏர்போர்ட்டில் நடந்து வரும் போட்டோ இன்ஸ்டாகிராமில் வருகிறது. சாயங்காலம் அதே மாதிரி ஜாக்கெட் நம்ம கார்ட்டில் இருக்கிறது. அவர் அதைப் பிடித்துப் போட்டாரா, காசு வாங்கிக்கொண்டு போட்டாரா, இல்லை அந்த கம்பெனியிலேயே அவருக்குப் பங்கு இருக்கா? போட்டோவைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் மூன்றும் வேறு வேறு.

வழி 1: பார்த்துப் பிடித்துப் போவது

2005-ல் வந்த 'பன்ட்டி அவுர் பப்ளி' இந்திப் படத்தில் ராணி முகர்ஜி போட்ட காலர் வைத்த குட்டைக் குர்தி, கடைவீதி வரை காப்பி அடிக்கப்பட்டது. 2017 டிசம்பரில் தன் திருமணத்தில் அனுஷ்கா சர்மா கட்டிய சப்யசாச்சியின் வெளிர் பிங்க் லெஹங்காவும் அப்படித்தான். சிவப்புதான் கல்யாண நிறம் என்றிருந்த வட இந்தியாவில், வெளிர் நிறம் கேட்கும் மணப்பெண்கள் அதிகமானார்கள்.

இங்கே 'வாங்குங்க' என்று யாரும் சொல்லவில்லை. பார்த்தவர்களே தேடிப் போனார்கள். ஆனாலும் பெயருக்கு விலை உண்டு. 2021-ல் சப்யசாச்சி பிராண்டின் 51% பங்கை வாங்க ஆதித்ய பிர்லா ஃபேஷன் ஒப்புக்கொண்ட தொகை 398 கோடி ரூபாய்.

வழி 2: சம்பளம்

இது நமக்குப் பழகிய 'பிராண்ட் அம்பாசிடர்'. 2017-ல் விராட் கோலி பூமாவுடன் 8 ஆண்டு ஒப்பந்தம் போட்டார். மதிப்பு சுமார் 110 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன.

வழி 3: பங்கு

ஆலியா பட் 2020-ல் 'எட்-ஆ-மம்மா' என்ற குழந்தைகள் உடை பிராண்டைத் தொடங்கினார். 2023-ல் அதன் 51% பங்கை ரிலையன்ஸ் ரீடெய்ல் வாங்கியது. கோலியும் பூமா ஒப்பந்தத்துக்குப் பிறகு, 2025-ல் அஜிலிடாஸ் நிறுவனத்தில் முதலீட்டாளராகச் சேர்ந்தார்.

வித்தியாசம் என்னன்னா, சம்பளம் பேசி முடித்த தொகை. பங்கின் மதிப்போ, நாம வாங்க வாங்க ஏறும். அதனால் பங்குதாரர் போடும் சாதாரண செல்ஃபியிலும் அவருடைய லாபம் கலந்திருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் நடிப்பவருக்கும் அபராதம் உண்டு. முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, அடுத்தடுத்து 50 லட்சம் வரை. விளம்பரத்தில் தோன்ற முதலில் ஓராண்டு வரை, பிறகு 3 ஆண்டுகள் வரை தடையும் விதிக்கலாம். விளம்பரம் சொல்வது உண்மையா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்திருந்தால் அவர் தப்பிக்கலாம்.

ஃபேஷனில் சிக்கல் இங்கேதான். '7 நாளில் சிவப்பழகு' என்றால் பொய்யா என்று சோதிக்கலாம். ஒரு ஜாக்கெட் எதையும் வாக்குறுதி தருவதில்லையே! அது அழகா இருக்கு, அவ்வளவுதான். அதனால் இங்கே நமக்கு உள்ள முக்கியப் பாதுகாப்பு, 'எனக்கு இதில் ஆதாயம் இருக்கு' என்று அவர் வெளிப்படையாகச் சொல்வதுதான்.

2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும், 2023 ஜனவரியில் வந்த விளக்கக் கையேடும் அதைக் கட்டாயமாக்குகின்றன. காசு மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, பயணம், குடும்ப உறவு எல்லாமே கணக்கில் வரும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

• 'விளம்பரம்', 'ஸ்பான்சர்டு', 'பார்ட்னர்ஷிப்' போன்ற வார்த்தை இருக்கிறதா? ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைப்பது விதிப்படி செல்லாது.
• வீடியோ என்றால் கீழே உள்ள விவரக்குறிப்பில் மட்டும் போட்டால் போதாது. வீடியோவிலேயே தெரிய வேண்டும், கேட்கவும் வேண்டும்.
• பிராண்டை டேக் செய்து, வேறு எதுவும் சொல்லவில்லையா? அந்த பிராண்டில் அவர் முதலீட்டாளரா என்று ஒருமுறை தேடிப் பாருங்க.

ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

பிடித்த நடிகர் மாதிரி உடுத்துவதில் தப்பே இல்லை. அது அவருடைய ரசனையா, அவருடைய வியாபாரமா என்று தெரிந்துகொண்டு காசு கொடுக்கலாம், அவ்வளவுதான்.